தேர்ச்சி விழுக்காடு யாருடைய கணக்கு?



பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் நாளில் தமிழ்நாடு முழுவதும் இரண்டு மாவட்டங்களின் பெயர் ஒரே மூச்சில் சொல்லப்படும். முதலிடம் ஆண்டுக்கு ஆண்டு கைமாறுகிறது. 2022இல் கன்னியாகுமரி, 2023இல் பெரம்பலூர், 2024இல் அரியலூர், 2025இல் சிவகங்கை. கடைசி இடம் மட்டும் பாலாற்றங்கரையை விட்டு நகரவில்லை. 2022இல் வேலூர், 79.87 விழுக்காடு. 2023இல் ராணிப்பேட்டை, 83.54. 2024இல் மீண்டும் வேலூர், 82.07. 2025இலும் வேலூர்தான், 85.44. பழைய வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. மாவட்டம் பிரிந்த பிறகும் கடைசி இடம் பழைய எல்லைக்குள்ளேயே சுற்றிவருகிறது.

நான் இந்த வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று தோல் தொழிலை நம்பி வாழும் ஊர்களின் பிள்ளைகள்தாம் என் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை முன்னிட்டு ஒரே ஒரு கேள்வியை இந்த அவையில் வைக்க விரும்புகிறேன். இந்த எண்ணுக்கு யார் பதில் சொல்ல வேண்டும்?

முடிவு வந்த சில வாரங்களில் என்ன நடக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதன்மைக் கல்வி அலுவலர் தலைமை ஆசிரியர்கள் கூட்டம் போடுவார். பள்ளிவாரியாக, பாடவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு திரையில் ஓடும். விழுக்காடு குறைந்த பள்ளியின் தலைமை ஆசிரியர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். "தொடர்ந்து வராத பிள்ளைகள் சார்" என்றால், "ஏன் வரவழைக்கவில்லை?" என்று அடுத்த கேள்வி விழும். அவர் பள்ளிக்குத் திரும்பிப் பாட ஆசிரியரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்பார். பாட ஆசிரியர் மெல்லக் கற்போர் பட்டியல் தயாரித்து, மாலை நேர வகுப்பு போட்டு, வாரத் தேர்வு வைத்து, அந்த மதிப்பெண்ணையும் பதிவேட்டில் ஏற்றுவார். கேள்வி இப்படிப் படிப்படியாக இறங்கிக் கடைசியில் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் வந்து நின்றுவிடும். அங்கிருந்து மேலே ஒரு கேள்வியும் ஏறுவதில்லை. அந்தப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்பதற்கு விளக்கம் எழுதித் தர வேண்டிய அதிகாரி என்று எவரும் இல்லை.

மெல்லக் கற்போருக்கு மாலை வகுப்பில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். கணக்குத் தாள் நூறு மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா பதினான்கு. கடைசிப் பகுதியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு. ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். தேர்ச்சிக்கு வேண்டியது 35. பொங்கல் விடுமுறை முடிந்ததும் கரும்பலகையில் இந்தக் கூட்டல் ஏறிவிடும். ரெண்டு எட்டு பதினாறு. புத்தகத்தின் பின்பக்க ஒன் வேர்டில் பத்து வந்தால் இருபத்தாறு. இன்னும் ஒன்பது மார்க்தான், இரண்டு மதிப்பெண் வினாக்களில் தேற்றிவிடலாம். அதற்குப் பிறகு இயற்கணிதமும் இல்லை, முக்கோணவியலும் இல்லை. தொடுகோடு, வடிவொத்த முக்கோணம், வரைபடம். மறுபடியும் தொடுகோடு, வடிவொத்த முக்கோணம், வரைபடம்.

ஒரு பிள்ளை 7/3 என்ற விகிதத்தில் வடிவொத்த முக்கோணம் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அடிப்பக்கத்திலிருந்து கதிர் இழுத்து, காம்பஸால் ஏழு புள்ளி வைத்து, மூன்றாம் புள்ளியை முனையோடு சேர்த்து, ஏழாம் புள்ளியிலிருந்து இணைகோடு போட்டு, பென்சில் கோடு தடிக்காமல் வரைந்து முடித்தாள். எட்டுக்கு எட்டு போடலாம். "சின்ன முக்கோணத்தோட கோணமும் பெரிய முக்கோணத்தோட கோணமும் ஒண்ணா, வேறயாம்மா?" என்று கேட்டேன். "பெரிய முக்கோணத்துல கோணமும் பெரிசு சார்" என்றாள். வடிவொத்தவை என்றால் கோணங்கள் மாறாது என்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர். அது அவளுக்குப் போய்ச் சேரவில்லை. மதிப்பெண் மட்டும் முழுதாகப் போய்ச் சேரும்.

அவளுடைய அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்பவர். ஐந்தாம் நம்பர் பேட்டர்னும் ஒன்பதாம் நம்பர் பேட்டர்னும் ஏறக்குறைய ஒரே உருவம், அளவுதான் வேறு என்பது அவர் கை அறிந்த விஷயம். ஒரு தோலில் எத்தனை ஜோடி வெட்டலாம், எப்படித் திருப்பிப் போட்டால் வீணாகும் துண்டு குறையும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார். அந்த வீட்டில் சதுர அடி என்பது அன்றாடப் பேச்சு. அவள் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டிய அத்தனை வாசலும் அவள் வீட்டிலேயே திறந்து கிடந்தது. அந்த வாசல் வழியாக அவளை அழைத்துப் போக ஆசிரியருக்கு இரண்டு மாதம் வேண்டும். 35 மதிப்பெண்ணுக்கான கூட்டல் அந்த இரண்டு மாதத்தைத் தின்றுவிடுகிறது.

சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு வராத பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று தேடிப்போனால், பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில்தான் இருப்பாள். ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கும் வேலை வீட்டுக்கு வருகிறது. ஏஜென்ட் மூட்டையில் அப்பர் கொண்டுவந்து போடுவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தோலில் ஏற்கெனவே போட்டிருக்கும் துளை வழியாக மெழுகு நூலை இரண்டு பக்கமும் இழுத்து இறுக்க வேண்டும். இழுக்க இழுக்க ஆள்காட்டி விரலின் மடிப்பில் நூல் அறுத்துக் கோடு விழும். அந்தக் கோட்டை வைத்தே எந்தப் பிள்ளை வீட்டில் தையல் வேலை நடக்கிறது என்று ஆசிரியர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் போனால் இதே நேரம் பீடி இலைக்குப் போகும். அம்மா விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிவிட்டால், தம்பி தங்கைக்குச் சோறு பொங்கிப் பள்ளிக்கு அனுப்புவது பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பொறுப்பு. இந்தப் பொறுப்புக்கெல்லாம் மதிப்பெண் பட்டியலில் இடம் கிடையாது என்று நான் குறைசொல்ல வரவில்லை. தேர்வு எல்லாவற்றையும் அளக்க முடியாது. அளக்காத ஒன்றுக்கு அந்தப் பிள்ளையையும் அவள் ஆசிரியரையும் மட்டும் பொறுப்பாளி ஆக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

விழுக்காடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அது ஒரு பின்னம். தொகுதியில் தேர்ச்சி பெற்றவர்கள், பகுதியில் தேர்வு எழுதியவர்கள். 2024இல் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியவர்கள் 8,94,264 பேர், தேறியவர்கள் 8,18,743 பேர், விழுக்காடு 91.55. வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பது இந்தப் பின்னத்தில் எங்கும் வராது. ஒரு பின்னத்தின் மதிப்பை உயர்த்த இரண்டு வழி உண்டு. தொகுதியைக் கூட்டலாம், அல்லது பகுதியைக் குறைக்கலாம். தொகுதியைக் கூட்டுவதற்குப் பாடம் நடத்த வேண்டும். பகுதியைக் குறைப்பதற்கு மாற்றுச் சான்றிதழ் ஒன்று போதும்.

2023 மார்ச் 13ஆம் தேதி பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு நடந்தது. அன்று ஒரே நாளில் 50,674 பேர் தேர்வுக்கு வரவில்லை. சட்டமன்றத்திலும் செய்தித்தாள்களிலும் பெரிய விவாதம் எழுந்தது. கொரோனா ஆண்டில் எல்லோருக்கும் தேர்ச்சி போட்டதால் மேலே வந்தவர்கள், ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் போய்விட்டவர்கள், வேலைக்குப் போனவர்கள் என்று பல விளக்கங்கள் தரப்பட்டன. எல்லாமே உண்மையாக இருக்கலாம். அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி 94.03 விழுக்காடு. ஐம்பதாயிரம் பிள்ளைகள் வராத ஓர் ஆண்டில் வெற்றிச் செய்தி எந்தக் குறையும் இல்லாமல் வெளியானது. வராதவர்கள் பகுதியில் இல்லை. ஆகவே அவர்கள் விழுக்காட்டைத் தொடவில்லை.

இதை மனத்தில் வைத்து நம் மாவட்டங்களின் கடைசி இடத்தைப் பாருங்கள். தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்கு முறை நடந்து, கம்பெனி சூப்பர்வைசரிடம் பேசி, ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுத்துத் தேர்வு மையத்தில் உட்கார வைக்கும் தலைமை ஆசிரியர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை இரண்டு பாடத்தில் தவறினால் பள்ளியின் விழுக்காடு இறங்கும். அதே பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்தியிருந்தாலோ, பெற்றோரை அழைத்து 'தனித்தேர்வராக எழுதிக்கொள்ளட்டும்' என்று அனுப்பியிருந்தாலோ விழுக்காடு ஏறியிருக்கும். முதல் தலைமை ஆசிரியருக்குக் கூட்டத்தில் கண்டனம் கிடைக்கும், இரண்டாமவருக்குப் பொன்னாடை கிடைக்கும். பெயர்ப் பட்டியலை அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு அனுப்பும் பருவத்தில் தலைமை ஆசிரியர் அறையில் நடக்கும் பேச்சு எவருக்கும் தெரிவதில்லை. உண்மையான தேர்வு அந்த அறையில் அந்த மாலையில் நடந்து முடிந்துவிடுகிறது.

இது புதிய நோய் அன்று. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற அமைச்சர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஆய்வாளர் வந்து பிள்ளைகளுக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேர்வு வைப்பார். எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதற்கேற்ப பள்ளிக்கு மானியம். பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு அதை வெளிப்படையாக எதிர்த்தார். பிள்ளைகள் பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு, வாசிப்பதுபோல் நடிப்பதை அவர் தம் ஆய்வுகளில் கண்டவர். அந்த முறை கடல் கடந்து சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நம் திண்ணைப் பள்ளிகள் பல, தேர்வு முடிவுக்கேற்ற மானியத்தை நம்பித்தான் உயிர்வாழ்ந்தன. ஹண்டர் தலைமையிலான 1882ஆம் ஆண்டுக் கல்விக் குழு தொடக்கக் கல்விக்கு அந்த முறையை ஆதரித்தது. கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானம் அதைக் கண்டித்துக் கைவிடச் செய்தது. காலனி அரசாங்கமே பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது.

அமெரிக்கா பட்டது சமீபத்தில். அங்கே 2002இல் ஒரு சட்டம் வந்தது. 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேறியாக வேண்டும், தேறாத பள்ளிமீது நடவடிக்கை என்றது. அட்லாண்டா நகரின் பொதுப் பள்ளிகள் அற்புதமான முன்னேற்றம் காட்டின. 2011இல் மாநில அரசின் விசாரணை அறிக்கை வெளிவந்தது. 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் நிர்வாகிகளும் விடைத்தாளை அழித்துத் திருத்தியதில் தொடர்புடையவர்கள் என்றது. பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிகள். தனக்கு வாசிக்க வராது என்பதே மறைக்கப்பட்டதால், வாசிக்கக் கற்றுத்தரும் உதவி அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது. அங்கே விடைத்தாளில் அழித்தார்கள். இங்கே வருகைப் பதிவேட்டில் அழிக்கிறோம்.

அப்படியானால் பொதுத்தேர்வே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும் என்பதே என் கருத்து. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோலைப் புரட்டியவரின் மகனுக்கு, அவன் இன்னான் மகன், இன்ன தெரு என்று தெரியாத ஒருவர் திருத்திய தாள் அது. இந்த வட்டாரத்தின் தலித் குடியிருப்புகளிலிருந்தும் ஏழை இஸ்லாமியக் குடும்பங்களிலிருந்தும் முதன்முதலில் படித்து வெளியே வந்தவர்களைக் கேளுங்கள். உள்ளூரில் எவர் தயவும் இல்லாமல் தங்கள் திறமைக்கு முதல் சாட்சி சொன்னது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்தான் என்பார்கள். மதிப்பீட்டை முழுவதும் உள்ளூர்க் கையில் கொடுத்தால் யார் பிள்ளைக்கு என்ன மதிப்பெண் விழும் என்பதை நம் ஊரில் வாழ்ந்த எவரும் ஊகிக்கலாம். ஒரு பிள்ளைக்குச் சான்று சொல்ல வைத்த தேர்வை, பள்ளியையும் ஆசிரியரையும் மாவட்டத்தையும் தரம்பிரிக்கும் அளவுகோலாக மாற்றியதில்தான் கோளாறு. ஒரு வேலைக்கு வைத்த கருவியை வேறு வேலைக்குத் திருப்பியதும் முதல் வேலையும் கெட்டது.

இங்கே மொழியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் உருதுதான் பேச்சு. வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரி 1919இல் தொடங்கியது. உருது வழிப் பள்ளிகளுக்கு அதைவிட நீண்ட பாரம்பரியம் உண்டு. 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கி, 2016இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எட்டுவது திட்டம். தமிழ்நாட்டில் வாழும் எந்தப் பிள்ளைக்கும் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. தமிழ் தெரியாமல் இந்த மண்ணில் ஒரு மனு எழுத முடியாது, ஓர் அரசு வேலைக்குப் போக முடியாது. ஆனால் பத்து ஆண்டுகளில் அந்தப் பள்ளிகளுக்கெல்லாம் தமிழாசிரியர்கள் போதிய அளவில் போய்ச் சேர்ந்தார்களா? தேர்வு நெருங்கும்போது மீண்டும் மீண்டும் மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றப் படியேறினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் விலக்களித்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த விலக்கை நீட்டித்தது. மார்ச், ஏப்ரலில் எழுத வேண்டிய தேர்வின் முதல் தாள் எந்த மொழியில் என்பது பிப்ரவரியில் முடிவானால், அந்தப் பிள்ளை எதைப் படித்திருக்கும்? தேர்வை மட்டும் சட்டமாக்கிவிட்டு ஆசிரியரைச் சட்டமாக்க மறந்ததன் விளைவு இது. இந்தக் குழப்பத்தில் ஒரு பிள்ளை தவறினால் அதுவும் வேலூர், திருப்பத்தூர் மாவட்டக் கணக்கில்தான் ஏறும்.

ஆசிரியர் பற்றாக்குறை நம் வட மாவட்டங்களின் பழைய புண். பணி நியமனம் இங்கே கிடைக்கும்; தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருகிற ஆசிரியர்கள் சில ஆண்டுகளில் மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். வயதான பெற்றோரும் பிள்ளைகளும் அவர்களுக்கும் உண்டு. காலியாகும் இடத்தை நிரப்பும் பொறுப்பு அரசுடையது. 2022 ஜூனில் மாநிலம் முழுவதும் 13,331 காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப ஆணை வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 என்று அப்போது நிர்ணயித்தார்கள். பி.எட். முடித்த ஒருவருக்கு மாதம் பத்தாயிரம் கொடுத்துவிட்டு, மே மாதம் நூறு விழுக்காடு தேர்ச்சி கேட்டது என்ன நியாயம்? ஜவ்வாது மலையில் புதூர்நாட்டிலோ நெல்லிவாசலிலோ தங்கிப் பாடம் நடத்த ஒருவரைத் தேடிப் பிடித்த தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு துயரத்தையும் நான் சொல்லியாக வேண்டும். 2017 நவம்பரில், அன்றைய வேலூர் மாவட்டத்தின் பனப்பாக்கத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவிகள் நால்வர் ஒரே நாளில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சரியாகப் படிக்கவில்லை, பெற்றோரை அழைத்து வாருங்கள் என்று பள்ளியில் சொன்னதைத் தொடர்ந்து நடந்தது. ஆசிரியர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். இப்படிப்பட்ட மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்லிக் கைகழுவக்கூடாது. ஆசிரியர்மீது முழுப் பழியையும் போடுவதும் அப்படிக் கைகழுவுவதுதான். பதினொன்றாம் வகுப்புக்கு முதன்முதலாகப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்ட கல்வியாண்டு அது. மேலிருந்து இறங்கும் அழுத்தம் கடைசியில் எந்தத் தோள்களில் போய் உட்காருகிறது என்பதை அதன் பிறகாவது நாம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தவறிய பாடத்தைச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வில் எழுதிவிடலாம். மனம் தாங்காத நாளில் வீட்டிலோ பள்ளியிலோ நம்பும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டு அரசியல் இந்த விஷயத்தில் முன்னும் பின்னுமாக அசைந்திருக்கிறது. 2017இல் மாநில அளவில் முதல், இரண்டு, மூன்று என்று மாணவர்களை வரிசைப்படுத்துவதைக் கைவிட்டார்கள். நல்ல முடிவு. அதே ஆண்டு, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைக்கும் தனியார் பள்ளிகளைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லி, பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2019 செப்டம்பரில் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும்கூடப் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தது. பத்து வயதுக் குழந்தைக்குப் பொதுத்தேர்வா என்று பெற்றோரும் ஆசிரியர் சங்கங்களும் பல கட்சியினரும் குரல் கொடுத்த பிறகு 2020 பிப்ரவரி 4ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் கைவிட்டது. இவ்வளவு மாறிய பிறகும் மாவட்டங்களை மேலிருந்து கீழாக அடுக்கும் பட்டியல் மட்டும் அசையவில்லை.

நீட் தேர்வை எதிர்த்து இந்த மாநிலம் எழுப்பிய வாதங்களை நினைத்துப் பாருங்கள். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021 ஜூலையில் தந்த அறிக்கை தொடங்கி, சட்டமன்றத் தீர்மானங்கள் வரை நாம் சொன்னது என்ன? ஒரே ஒரு தேர்வு பிள்ளையின் பின்னணியை மறைத்துவிடுகிறது, பயிற்சிக்குப் பணம் செலவழிக்க முடிந்தவருக்குச் சாதகமாகிறது, பன்னிரண்டு ஆண்டுப் படிப்பைத் தேர்வுப் பயிற்சியாகச் சுருக்கிவிடுகிறது என்றோம். ஒவ்வொரு வாதத்தையும் நான் ஏற்கிறேன். டெல்லியிடம் நாம் கேட்கும் அதே நியாயத்தை வேலூர்ப் பள்ளி சென்னையிடம் கேட்கிறது. பின்னணியைப் பார்க்காமல் எங்களைக் கன்னியாகுமரியோடு ஒரே ஏணியில் நிறுத்தாதீர்கள் என்கிறது.

பொறுப்பு என்றால் என்ன என்பதை இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து எவரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த தீர்ப்பை இன்று இந்தியாவின் எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தில் ஆழமாக ஊன்றிய தீர்ப்பு அது. கிணற்று நீர் உப்பானதற்குக் கிணற்றுக்காரர் பொறுப்பில்லை என்று சொன்ன தீர்ப்பு. தீர்ப்பு வந்து கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30ஆம் தேதி, பாதிக்கப்பட்ட எல்லாக் குடும்பங்களுக்கும் இழப்பீடு போய்ச் சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட நேர்ந்தது. ஏட்டில் எழுதிய பொறுப்பு வீட்டுவாசலுக்கு வர எவ்வளவு காலமாகும் என்பதற்கும் இந்த வட்டாரமே சாட்சி.

பள்ளிக் கல்வியில் இந்தக் கோட்பாட்டைப் பொருத்தினால் என்ன செய்ய வேண்டியிருக்கும்? முதலில், தேர்ச்சி விழுக்காட்டின் பகுதியை மாற்ற வேண்டும். பத்தாம் வகுப்பு எழுதியவர்களை விட்டுவிட்டு, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களைப் பகுதியில் வையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் இருக்கிறது. பாடம் நடத்தும் நேரத்தைக் கொடுத்து ஆசிரியர்கள் அதில் நாள்தோறும் பதிவேற்றுகிறார்கள். அந்த உழைப்பு இதற்காவது பயன்படட்டும். சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் வேறு பள்ளிக்குப் போனார்கள், எத்தனை பேர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை என்று வெளியிட்டால், பிள்ளையை வெளியே அனுப்பும் பள்ளிக்குப் பாராட்டுக் கிடைக்காது. அப்படிக் கணக்கிட்டால் முதலிடமும் கடைசி இடமும் இதேபோல் இருக்குமா என்பது எனக்கு ஆவலைத் தூண்டும் கேள்வி.

அடுத்து, தேர்ச்சி விழுக்காடு அச்சாகும் அதே தாளில், அதே எழுத்தளவில், அந்த மாவட்டத்தின் காலிப் பணியிடங்களையும் அச்சிட வேண்டும். எத்தனை பள்ளிகளில் கணக்கு ஆசிரியர் இல்லை, எந்த மாதம் முதல் இல்லை என்ற விவரம் வேண்டும். பிள்ளைகள் என்ன கற்றிருக்கிறார்கள் என்று அரசு அறிய விரும்புவது நியாயமே. அதற்கு 2017லும் 2021லும் நடந்த தேசிய அடைவு ஆய்வு போன்ற மாதிரி ஆய்வுகள் போதும். பள்ளியின் பெயரோ ஆசிரியரின் பெயரோ வராத, எவர் வேலைக்கும் ஆபத்தில்லாத ஆய்வில்தான் பிள்ளை தன் உண்மையான விடையை எழுதுவாள். 'பெரிய முக்கோணத்துல கோணமும் பெரிசு' என்ற விடை அரசுக்குத் தெரிய வேண்டுமானால் அதைச் சொல்லும் பிள்ளைக்கும் கேட்கும் ஆசிரியருக்கும் பயம் இருக்கக்கூடாது.

இவற்றையெல்லாம் அரசு செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழு கல்வி உரிமைச் சட்டம் தந்த அமைப்பு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் இருபது பேர் கொண்ட குழுக்கள் புதிதாக அமைந்தன. ஆம்பூர்ப் பக்கத்துக் குழுக்களில் ஷூ கம்பெனிக்குப் போகும் தாய்மார்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். கூட்டம் அவர்கள் கம்பெனியில் இருக்கும் வேலை நேரத்தில் நடக்கிறது. கையெழுத்து மட்டும் பிறகு வாங்கப்படுகிறது. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: இந்தப் பள்ளியில் காலியாக உள்ள பணியிடங்கள் இவை, காலியான தேதி இது, எப்போது நிரப்பப்படும் என்பதற்கு முதன்மைக் கல்வி அலுவலர் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். அதன் நகலை மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால், அடுத்த தேர்வு முடிவு வரும் நாளில் பத்திரிகை நிருபர்களிடம் காட்ட அது பயன்படும்.